பத்து ஓவரில் ஒரு ஓவர்

என் கணவரை முதன்முதலில் பார்த்த நாளில் அவர் என்னை அடுத்தடுத்து ஏமாற்றினார். மலாக்காவில், செலண்டாரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு தோட்டத் திடல். நான் அப்போது மாநிலப் பெண்கள் கிரிக்கெட் அணியில் மட்டை பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டிக்கு முன்னால் கொஞ்சம் பயிற்சி இருக்கட்டும் என்று எங்களை அந்தத் தோட்டத்து ஆண்களோடு ஆடக் கூட்டிப் போயிருந்தார்கள். ஒல்லியாக, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, ஒருவர் இடது கையால் சுழற்பந்து வீசினார். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பி என்னிடம் வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவெடுத்து, அதை மாற்றி, மறுபடியும் பழையதற்கே திரும்பியிருப்பேன். எல்லாம் முடிந்து மட்டையைச் சுழற்றும்போது பந்து அங்கே இருக்காது.

ஆட்டமிழந்து வெளியே போகிற வழியில் அவரிடம் கேட்டேன். "ஏன் இவ்ளோ மெதுவா போடுறீங்க? கை வலியா?"

"அவசரம் உங்களுக்குத்தானே," என்றார். "எனக்கு இல்லையே."

வேனில் ஏறி வீடு வரும்வரை அந்தப் பதிலுக்கு ஒரு மறுபதில் தேடினேன். அதைத் தேடியே மறுபடி போனேன், பிறகு போய்க்கொண்டே இருந்தேன், கல்யாணம் ஆயிற்று.

அவர் ஒரு தொழிற்சாலையில் பொருள் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். நான் அலோர் காஜாவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். டுரியான் துங்காலில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு. பெண்கள் அணிக்கு ஆட்டங்களே இல்லாமல் போனபிறகு நான் மட்டையை விட்டுவிட்டு அம்பையர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் இடையே நடந்த நாற்பது ஓவர் போட்டிகளில், வெள்ளைச் சட்டையும் பெரிய தொப்பியுமாக நின்ற ஒரே பெண் நான்தான். என் கணவருக்கே எல்பிடபிள்யூ கொடுக்காமல் விட்டிருக்கிறேன். "வீட்ல பேசிக்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பந்துக்குத் திரும்பிப் போவார்.

அந்த ஞாயிறுப் போட்டிகளைத் தங்கத்தட்டில் வைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆடுகளத்துப் பாய் ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். பாதிப் பேர் முந்தின இரவு குடித்த கண்ணோடு வருவார்கள். ஒரு தடவை ஒருவன் மட்டையை என் காலடியில் வீசியெறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டான். ஆனாலும் நாற்பது ஓவர். சுழற்பந்து வீசுகிறவனுக்கு எட்டு ஓவர் கிடைக்கும். முதல் ஓவரில் அடி வாங்கலாம், இரண்டாவதில் எதிராளியின் காலைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், ஐந்தாவதில் வேலையைக் காட்டலாம். அம்பையராக என் கணவருக்குப் பக்கத்திலேயே நிற்பதால் எனக்கு ஒன்று தெரியும். வேண்டுமென்றே பவுண்டரி அடிக்க விடும் பந்துக்கு முன்னால் அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். இன்னும் இரண்டு ஓவரில் அந்த ஆள் போய்விடுவான்.

எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'சார்'. ஒருநாள் அணித் தலைவர்களையும் அம்பையர்களையும் அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிக்கு வரச் சொன்னார். கோலாலம்பூரிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். பத்து ஓவர் லீக் ஒன்று தொடங்கப்போகிறது, மாநிலத்துக்கு ஓர் அணி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு முதலாளி, மலாக்கா அணியை வாங்கியிருப்பவர் இவர்தான் என்று சார் அறிமுகப்படுத்தினார். மாடிப்படி ஏறி வந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாரும் அவரை 'பாஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சுவரில் படம் காட்டினார். விளக்கு, வாணவேடிக்கை, மலாக்காவின் சின்னமான சருகுமான் முகமூடி போட்டுக்கொண்டு ஆடும் ஓர் ஆள், பளபளவென்று சட்டைகள்.

"கிரிக்கெட்டோட எதிர்காலம் இதான் லா," என்றார் பாஸ். "நாப்பது ஓவர்லாம் யாருக்கு டைம் இருக்கு? காலையில போனா சாயந்திரம்தான் வீடு. பொண்டாட்டி வெரட்டிவிட மாட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மாடியில் இருந்த ஒரே பொண்டாட்டி நான்தான் என்பதால் எல்லாருடைய கண்ணும் என்மேல் திரும்பியது.

"நான் வெரட்ட மாட்டேன் பாஸ். கூடவே நிப்பேன். நான் அம்பையர்," என்றேன்.

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். பிறகு சார் எழுந்து, திடலும் தேதிகளும் லீக்குக்குத் தேவைப்படுவதால் இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் ஞாயிறுப் போட்டிகளை நிறுத்திவைக்கலாம் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என் கணவர் மட்டும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு பௌலருக்கு எத்தன ஓவர் பாஸ்?"

"ரெண்டு. மேக்சிமம்."

வீட்டுக்குக் காடியை, எங்கள் காரை, அவர்தான் ஓட்டி வந்தார். "ரெண்டு ஓவர்ல என்னா செய்ய முடியும்?" என்றார் ஒரு சிவப்பு விளக்கில். பச்சை விழுந்து காடி நகர்ந்ததும், "ஆனா டிவி மாதிரி கேமராலாம் வைப்பாங்கல்ல?" என்றார்.

ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சியைக் கைப்பேசியில் நேரடியாகக் காட்டினார்கள். அதைத் தொலைக்காட்சியில் இணைத்து, ஞாயிறு அணி முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. நான் ஒரு பெரிய சட்டி நிறைய மீ கோரிங், வறுத்த நூடுல்ஸ், கிளறிவைத்தேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் முதலில். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இசை, ஒரு புகை. கடைசியில், பாதிப் பேர் கிளம்பிப் போகிற நேரத்தில், உள்ளூர் ஆட்டக்காரர் என்ற பிரிவில் மலாக்கா அணிக்கு ஒரு பெயர் வந்தது. அது என் மாமனாரின் பெயர். என் கணவர் அனுப்பியிருந்த விண்ணப்பத்தில் இருந்த அப்பா பெயரை யாரோ ஆட்டக்காரரின் பெயராகப் போட்டுவிட்டார்கள்.

"டேய், என்னையத்தான் எடுத்துருக்கானுங்க!" என்று மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து கையைச் சுழற்றிக் காட்டினார். வீடே அதிர்ந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். அவர் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்தேன். முப்பத்து நான்கு வயதில் ஒரு மனிதர், தன் பெயர்கூடச் சரியாக வராத ஒரு பட்டியலில் இடம் கிடைத்ததற்காக அழுதார். அன்றைக்கு எனக்கு அது கசக்கவில்லை. இப்போது நினைத்தால் கசக்கிறது.

வருட விடுப்பு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். பயிற்சியாளர் வெளிநாட்டுக்காரர், அதிகம் பேசாதவர், கெட்டவர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஒரு தட்டைக் கணினியோடு கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான். கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் வேலை. அவன்தான் என் கணவருக்குச் சொன்னான்.

"அண்ணே, டேட்டா என்னா சொல்லுதுன்னா, ஸ்லோ பால் எல்லாம் சிக்ஸ் போகுது. பந்த மேல தூக்காதீங்க. ஃபிளாட்டா, ஸ்பீடா, காலுக்கு நேரா. டர்ன் வேணாம்."

"டர்ன் வேணாம்னா நான் எதுக்கு தம்பி?"

"லெஃப்ட் ஆர்ம் ஆங்கிள்ணே. அந்த ஆங்கிள் போதும்."

வேகமாக வீசிப் பழகினார். பதினைந்து வயதிலிருந்து மெதுவாகச் சுழன்ற தோள் அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தட்டைத் தூக்கக்கூட முடியாது. நான் தைலம் தேய்த்துவிடுவேன். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாருமே மாத்திக்கத்தானே செய்றாங்க," என்றார். "நான் மட்டும் என்னா பெரிய ஆளா?"

பதினொரு பேரில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களுக்கு விமானமேறி வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடுவது அவர்கள் பிழைப்பு. உள்ளூர்க்காரர் ஒருவராவது களத்தில் இருக்கவேண்டும் என்ற விதிக்கு, ஓடிப் பிடிப்பதில் கெட்டிக்காரனான ஒரு கல்லூரி மாணவனை வைத்துக்கொண்டார்கள். என் கணவர் தண்ணீர் கொண்டு போனார். சட்டைக்கு மேல் பச்சை நிறக் கையில்லாச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் போத்தல்களோடு அவர் ஓடுவதைக் கைப்பேசியில் தோட்டமே பார்த்தது. "அண்ணன் நல்லா ஓடுறாரு" என்று ஞாயிறு அணியின் கைப்பேசிக் குழுவில் ஒருவன் எழுதினான். அது கிண்டலா பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல் ஆட்டத்துக்குத் தோட்டத்திலிருந்து பேருந்து வைத்து வந்தார்கள். பழைய படுதாவில் மலாக்கா என்று பெயிண்டில் எழுதி, கீழே அவர் படத்தை ஒட்டியிருந்தார்கள். அவர் ஆடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. ஆட்டத்தின் நடுவில் எங்கள் பந்துவீச்சாளர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பதிலாக இறங்குபவர் பந்தும் வீசலாம் என்று அந்த லீக்கில் ஒரு விதி. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தபோது உட்காரும் பலகையில் இருந்த பந்துவீச்சாளர் என் கணவர் ஒருவர்தான். போத்தல்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பேருந்தில் வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நானும்தான் கத்தினேன்.

தலைவர் அவரிடம் வந்து, உள்ளங்கையால் காற்றைக் கீழே அமுக்கிக் காட்டினார். தூக்காதே, தட்டையாகப் போடு. என் கணவர் தலையாட்டினார்.

முதல் பந்து சொன்னபடியே வேகமாகப் போனது. மட்டைக்காரர் முழங்காலை மடக்கி அதைத் திடலுக்கு வெளியே அடித்தார். அடுத்த இரண்டும் அப்படியே. பிறகு ஒன்று அகலமாகப் போயிற்று. அடுத்த பந்து அடிபட்டு நேராக அவரை நோக்கியே வந்தது. பிடிக்கப் பாய்ந்தவருக்குக் கால் வழுக்கி, மல்லாந்து விழுந்து, தொப்பி ஒரு பக்கம் போய், பந்து அவர் தலைக்கு மேலே பறந்தது. எல்லைக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த சருகுமான் முகமூடிக்காரர் உடனே தானும் அதேபோல் மல்லாந்து விழுந்து கையைக் காலை உதறினார். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர், "யாராச்சும் டாக்சி கூப்பிடுங்க லா, அண்ணன் வீட்டுக்குப் போகணுமாம்!" என்றார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எங்கள் பேருந்துக்காரர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அவருடைய சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார்.

என் கணவர் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்ப நடந்தார். அடுத்த பந்தை அவருடைய பழைய பந்தாகப் போட்டார். மெதுவாக, உயரமாக, கண்ணுக்கு மேலே ஏறி, சட்டென்று இறங்கும் பந்து. மட்டைக்காரர் அவசரப்பட்டு வெளியே வந்து, மட்டையை வீசி, பந்தை விட்டுவிட்டு, கோட்டுக்கு வெகு தூரத்தில் தடுமாறி நின்றார். கீப்பர் பந்தைப் பிடித்துத் தட்டினால் போதும். ஆனால் அந்தக் கீப்பர் வாரக்கணக்கில் தட்டைப் பந்துகளையே பிடித்துப் பழகியவர். பந்து திரும்பி வந்து அவர் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. ஓடி ஓர் ஓட்டம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் இரண்டு கையையும் விரித்து, என்ன இது என்று கேட்டார். கடைசிப் பந்தைத் தட்டையாகப் போட்டார். அது பழச்சாறு விற்கும் கூடாரத்தின்மேல் போய் விழுந்தது.

அந்த ஒரு பந்தை அங்கே கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கணக்கில் அது உபரி ஓட்டமாகப் போயிற்று.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவரிடம் எல்லாரும், "நல்லா போட்டீங்கண்ணே, லக் இல்ல" என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "மெஷின்ல போடாத. கையில அலசு. எழுத்து உதிர்ந்துரும்," என்றார்.

அந்த வாரமே வீடியோ கிளம்பிவிட்டது. அவர் விழுவது, முகமூடிக்காரர் விழுவது, டாக்சி என்ற குரல், அதற்கு மேலே ஒரு குத்துப் பாட்டு. கிளினிக்கில் ஒருநாள் காலையில் வீங்கிய கன்னத்தோடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பேசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. நான் தலையைத் தூக்காமல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவராகவே எழுந்து மேசைக்கு வந்தார்.

"இத பாருங்கக்கா. பல் வலியே மறந்துருச்சு. பாவம் லா இந்த ஆளு, பந்து போடத் தெரியாமயே டீம்ல சேத்துருக்கானுங்க."

"அவரு என் வீட்டுக்காரர்," என்றேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "சோரிக்கா," என்றார். பிறகு, "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார், யாரோ விபத்தில் மாட்டியதைப் போல.

"நல்லாருக்காரு. நீங்க உள்ள போங்க, டாக்டர் கூப்பிடுறாங்க."

அது பரவாயில்லை. அந்நியர்தானே. எங்கள் ஞாயிறு அணியின் குழுவிலேயே அவர் மல்லாந்து விழும் படத்தை வெட்டி ஒட்டுப்படமாக்கிவிட்டார்கள். யாராவது தாமதமாக வருகிறேன் என்றால் அது, யாருக்காவது மோட்டார் பஞ்சர் என்றால் அது. அவரோடு எத்தனையோ வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவர் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். யாரோ, "அண்ணே, இந்த வாரம் பிராக்டிஸ் வருவீங்களா?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அவரே அந்தப் படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புகள். நான் கைப்பேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய்க் காய்ந்த துணிகளை எடுத்தேன். எடுத்ததையே மறுபடி கொடியில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

லீக் முடிந்தது. பாஸ் அணியை விற்றுவிட்டார் என்று செய்தி வந்தது. அதே உரிமம் வடக்கே ஒரு மாநிலத்தின் பெயருக்குப் போயிற்று. அதே சட்டை, வேறு எழுத்து. சருகுமானும் வேறு ஏதோ விலங்காக மாறிற்று. ஞாயிறுப் போட்டி எப்போது தொடங்கும் என்று கேட்டால், மழை விடட்டும் என்றார் சார். மழை விட்டது. நோன்பு மாதம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. திடலுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் பிய்ந்த பாயை எடுத்துவிட்டு, லீக்காரர்கள் பச்சை நிறத்தில் செயற்கைத் தளம் போட்டிருந்தார்கள். சுற்றிக் கம்பிவேலி, வாசலில் பூட்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதாகப் பலகை. வேலிக்கு வெளியே, செம்பனை லாரி நிறுத்தும் இடத்தில், குலை வெட்ட வந்த பங்களாதேசிகள் ஒரு மரக்கட்டையை நட்டுவைத்து, நாடா சுற்றிய பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நேராக அலோர் காஜாவில் சாரின் வீட்டுக்குப் போனேன். கோப்பி கொடுத்தார்.

"சார், ஒரு பருவத்துக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. ஆனா டீம் எங்க? ரெண்டு டீம் கலைஞ்சிருச்சு. பையனுங்களக் கூப்பிட்டா, பத்து ஓவர்னா வர்றோம்கறானுங்க. நாப்பது ஓவர யாரும்மா பாக்கப் போறா?"

"பாக்குறதுக்கா சார் ஆடுனோம்?"

அவர் கோப்பிக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பிறகு, என்மேல் உண்மையான அக்கறையோடுதான், சொன்னார். "நீ ஒண்ணு செய். பத்து ஓவர் அம்பையர் கோர்ஸ் வருது. எடுத்துக்க. அதுல ஃபியூச்சர் இருக்கு. பொம்பள அம்பையர்னா கேமராவுக்கும் நல்லாருக்கும்."

என் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அதன் பிறகு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. பத்து ஓவர் ஆட்டத்தை நான் வெறுக்கவில்லை. கூட்டம் வருகிறது, பிள்ளைகள் துள்ளுகிறார்கள், அதில் என்ன தப்பு. ஆனால் அதற்கு இடம் வேண்டும் என்று எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தோம். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதில் யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதுதான் அதிகமாக எரிகிறது.

மறு வருடம் வேறொரு முதலாளி வந்தார். மலாக்கா என்ற பெயரை மறுபடி வாங்கினார். ஒரு சாயங்காலம் என் கணவரின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. தட்டைக் கணினிப் பையன். புதிய முதலாளியிடமும் அவன்தான் கணக்குப் போடுகிறானாம். ஒலிபெருக்கியில் போட்டு என் கணவர் பேசினார்.

"அண்ணே, நெட் பௌலரா வர்றீங்களா? பேட்ஸ்மேனுங்களுக்கு லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்ன அடிச்சுப் பழகணும். போன வருஷம் உங்க ஓவர் இருக்குல்ல, அந்த மாதிரி. சிக்ஸ் அடிச்சா அவங்களுக்குக் கான்ஃபிடன்ஸ் ஏறும்ணே."

நான் கையை ஆட்டி, வேண்டாம் என்று காட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல், "எப்ப வரணும் தம்பி?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சண்டை போட்டேன். எங்களுக்குள் அதுவரை வராத அளவுக்குக் குரல் உயர்ந்தது.

"அடி வாங்குறதுக்குக் கூப்பிடுறாங்க. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது."

"புரிஞ்சுமா போறீங்க?"

"ஞாயித்துக்கெழம வீட்ல உக்காந்து எத்தன வாரமாச்சு, சொல்லு. சுவத்துல பந்தப் போட்டுப் போட்டு எடுத்துக்கிட்டு இருக்கேன். அங்க போனா எதுத்தாப்புல ஒரு ஆளாவது மட்ட புடிச்சுட்டு நிப்பான்ல?"

என் கோபம் அவருக்காக இருந்தது. அவருக்கோ பந்து போட ஆள் வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் மோட்டார் பழுதாகிவிட்டதால் நான் கொண்டுபோய் விட்டேன். உடனே திரும்பியிருக்கலாம். காடியை நிழலில் நிறுத்திவிட்டு, வலைக்குப் பின்னால் போய் நின்றேன். நட்சத்திர மட்டைக்காரர் ஒருவர், கழுத்தில் சங்கிலியோடு, உள்ளே நின்றார். என் கணவர் சொன்ன இடத்தில் சொன்னபடி போட்டார். பந்துகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் பறந்தன. தொலைவில் நின்றவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, ஒரு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நடந்தபோது, அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. நான் வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பந்தை மட்டைக்காரர் சுலபமாகத் தூக்கி அடித்தார். அதற்கடுத்தது அதே கையிலிருந்து, அதே உயரத்திலிருந்து வந்தது. ஆனால் வந்து சேரவில்லை, முன்னாலேயே இறங்கிற்று. மட்டை காற்றை வெட்டியது. பின்னால் ஸ்டம்ப் சாய்ந்தது.

மட்டைக்காரர் சிரிக்கவில்லை, பாராட்டவுமில்லை. பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தார். பயிற்சியாளர் கையைத் தட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, கணினிப் பையன் ஓடி வந்தான்.

"அண்ணே, அப்படிப் போடாதீங்கண்ணே. நாளைக்கு மேட்ச் இருக்கு. அவரு ரிதம் போயிரும். அடிக்கிற எடத்துல மட்டும் போடுங்க, ப்ளீஸ்."

"சோரி தம்பி," என்றார் என் கணவர்.

சாய்ந்த ஸ்டம்பை அவரே போய் நிமிர்த்தி வைத்தார். திரும்பி நடந்து வந்து, அடிக்கிற இடத்தில் போட்டார். பந்து வலையைத் தாண்டி நான் நின்ற பக்கம் வந்து, காடிக்குக் கீழே உருண்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஐஸ் பையை வைத்துத் தோளில் அழுத்திக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அந்த ஒரு பந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"பவுல்டு."

"ம்."

"கோச்சுக்குக் கோவம் வந்துருச்சு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்து ஓட்டினேன்.

"அடுத்த சனிக்கெழமையும் வரச் சொல்லிருக்காங்க," என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. மோட்டார் சரியாகிவிட்டது, அதில் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு, சட்டையை வாளியில் போட்டு, தானே கையால் அலசிக் கொடியில் காயப்போட்டார். அணி அந்தப் பருவத்தில் கோப்பையை வென்றது. எங்கள் தாமானில் யாருக்கும் அது தெரியாது.